அடுத்த பாகத்தில் மனம் ஏன் ஒட்டுகிறது, ஏன் ஒட்டுவதில்லை: வீடியோ கேம் ஆடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெயர்பெற்ற ஒரு வீடியோ கேமின் அடுத்த பாகம் வந்த வாரத்தில் சென்னை நண்பர்களிடையே ஒரே பேச்சுதான் ஓடும். படம் அருமை, எல்லாம் அருமை, ஆனால் மனம் ஒட்டவில்லை என்பார் ஒருவர். பழையதைவிட இதில்தான் பொழுது போனதே தெரியவில்லை என்பார் இன்னொருவர். இந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். கதைகளின் முக்கிய முடிச்சுகளை எங்கும் அவிழ்க்கவில்லை.

விளையாட்டில் ஒன்றிப்போவது என்று எதைச் சொல்கிறீர்கள்?

கையில் கன்ட்ரோலர் இருப்பதே மறந்துபோய், திரையில் உள்ள உலகத்தில் அடுத்து என்ன செய்வது என்பது மட்டும் மனத்தில் நிற்கும் நிலையை. எமிலி பிரவுன், பால் கெய்ர்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விளையாடுபவர்களிடம் பேசி, 2004-இல் இதை மூன்று படிகளாக விளக்கினார்கள். முதலில் நேரமும் உழைப்பும் கொடுத்து விளையாட்டைப் பழகிக்கொள்கிறோம். அடுத்து நம் உணர்ச்சிகள் அதில் சிக்கிக்கொள்கின்றன. கடைசியில் அங்கேயே இருப்பதாகத் தோன்றுகிறது. இந்த மூன்றாம் படி எப்போதாவதுதான் வாய்க்கும், நீண்ட நேரம் நிற்காது. ஒவ்வொரு படியிலும் ஒரு தடை உண்டு. கட்டளைகள் கைக்கு வசப்படாவிட்டால் முதல் படியிலேயே நின்றுவிடுவோம்.

மறு ஆண்டு லாரா எர்மி, ஃபிரான்ஸ் மேயரா என்ற பின்லாந்து ஆய்வாளர்கள் வேறு வகையில் பிரித்தார்கள்: கண்ணும் காதும் நிறைவதால் வருவது, சவாலால் வருவது, கற்பனையால் வருவது. எனக்கு இந்தப் பிரிப்பு மிகவும் பயன்படுகிறது. ஏனென்றால் அடுத்த பாகங்கள் பலவும் முதல் வகைக்குப் பணத்தைக் கொட்டி, மற்ற இரண்டையும் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன.

படம் தத்ரூபமாக இருந்தால் தானாகவே ஒன்றிப்போக மாட்டோமா?

படம் துணை செய்யும், அவ்வளவுதான். 2000-களில் சென்னையின் பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்தவர்களிடம் 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். நார்வே நாட்டின் இன்னர்லூப் நிறுவனம் உருவாக்கி 2000-இல் வந்த விளையாட்டு அது. இன்றைய கண்ணுக்கு அதன் மரங்கள் தட்டையானவை, முகங்களில் அசைவே கிடையாது. ஆனாலும் மலைச்சரிவில் நின்று, பைனாகுலரில் ராணுவ முகாமை நோட்டமிட்டு, எந்தக் காவல்கோபுரத்தில் ஆள் நிற்கிறான், எந்த கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்கும்போது வந்த பதற்றம் நிஜமானது. பணியின் நடுவில் சேமிக்க முடியாது. இறந்தால் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். 2003-இல் வந்த இரண்டாம் பாகத்தில் காடும் கட்டடங்களும் மெருகேறின, நடுவில் குறிப்பிட்ட சில முறை மட்டும் சேமிக்கும் வசதியும் வந்தது. அந்த வரம்பு நல்ல முடிவு என்பேன். இருக்கும் ஒன்றிரண்டு வாய்ப்பை எங்கே செலவழிப்பது என்ற யோசனையே பயத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.

படம் கூடக் கூட நம் எதிர்பார்ப்பும் கூடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. மனித உருவத்துக்கு மிக நெருங்கியும் முழுதாக எட்டாத உருவங்கள் நமக்கு ஒருவித அருவருப்பைத் தரும் என்று மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் 1970-லேயே எழுதினார். அட்டைபோன்ற முகம் பேசாமல் நின்றால் நாம் மன்னித்துவிடுவோம். தோலின் துளைகள்வரை தெரியும் முகம் கண் சிமிட்டாமல் நின்றால் மன்னிக்க மாட்டோம்.

அடுத்த பாகத்தில் மட்டும் அப்படி என்ன தனிச் சிக்கல்?

ஆடுபவருக்கு உலகம் ஏற்கெனவே தெரியும் என்பதுதான். முதல் முறை நுழைந்தபோது இருந்த அந்நியத்தன்மை திரும்ப வராது. இன்னொரு பக்கம், உருவாக்குபவர்கள் கையில் முதல் பாகத்தைப் பற்றிய குறைகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது. வழி தெரியவில்லை, நடந்து மாளவில்லை, துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொள்கிறது, எதிரி எங்கே என்று புரியவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான குறைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒருசேரத் தீர்த்து முடித்தால், அந்த உலகத்தை உற்றுப் பார்ப்பதற்கு நமக்கு எந்தக் காரணமும் மிஞ்சாது. என் முடிவு இதுதான்: அடுத்த பாகம் நம் கவனத்தைக் கேட்டு, அதற்குப் பதிலும் சொன்னால் ஒன்றிப்போகிறோம், கவனமே தேவையில்லை என்று தோளைத் தட்டிக் கூட்டிப் போனால் வெளியே நின்றுவிடுகிறோம். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதன் விரிவுதான்.

திசைகாட்டும் அம்புக்குறி இவ்வளவு பெரிய விஷயமா?

ஆம். என் அனுபவத்தில் வேறெதையும்விட அதிகம்.

'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையின் மூன்றாம் பாகமான 'மாரோவிண்ட்' 2002-இல் வந்தது. அதில் நாம் விடுவிக்கப்பட்ட கைதி. சேடா நீன் என்ற சிறு துறைமுகத்தில் இறங்குகிறோம். ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பால்மோரா என்ற ஊரில் கையஸ் கொசாடெஸ் என்பவரிடம் சேர்க்கச் சொல்கிறார்கள். அவர் வீடு எங்கே என்று கேட்டால், அந்த ஊரில் சவுத் வால் என்ற மதுக்கடையில் விசாரி என்பதோடு சரி. பால்மோராவுக்கு எப்படிப் போவது? நடக்கலாம், அல்லது காசு கொடுத்து ஒரு ராட்சதப் பூச்சியின் முதுகில் ஏறிப் போகலாம். போய்ச் சேர்ந்து, ஆற்றைக் கடந்து, கடையைத் தேடி, ஆளை விசாரித்து, கதவைத் தட்டுகிறோம். கதவு திறந்ததும் சட்டையில்லாமல் நிற்கும் ஒரு கிழவரைப் பார்த்து, இவரிடமா இதைக் கொடுக்க வேண்டும் என்று நாமே சந்தேகப்படுகிறோம். அதற்குள் அந்த ஊரின் பாதித் தெருக்கள் நமக்குப் பழகிவிடுகின்றன.

சென்னையில் முகவரி கேட்டு வீடு கண்டுபிடித்தவர்களுக்கு இது புரியும். பிள்ளையார் கோயிலைத் தாண்டி, மாவு மில் சந்தில் திரும்பி, நீலநிற கேட் போட்ட வீடு என்று ஒருவர் வழி சொன்னால், கோயிலும் மில்லும் கேட்டும் நம் நினைவில் தங்கிவிடும். கைபேசியின் நீலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் வீடு வந்துவிடும், தெரு நினைவில் இருக்காது.

2006-இல் வந்த நான்காம் பாகம் 'ஆப்லிவியன்' திரையின் அடியில் ஒரு திசைகாட்டியை வைத்தது. போக வேண்டிய இடத்தை அம்புக்குறி சுட்டியது. பெரிய நகரங்களுக்கு வரைபடத்தைத் தொட்டு உடனே போய்விடலாம். எல்லா உரையாடல்களையும் நடிகர்கள் குரல் கொடுத்துப் பேசினார்கள். அதனால் பாத்திரங்கள் நிஜமானவர்களாகத் தெரிந்தார்கள். ஆனால் குரலில் பதிவு செய்யும் ஒவ்வொரு வரியும் செலவு, பின்னால் மாற்றுவது கடினம். நீண்ட வழிக்குறிப்புகள் உரையாடலில் குறைந்து, அந்த வேலை அம்புக்குறியின் தலையில் விழுந்தது. 2011-இன் 'ஸ்கைரிம்' அதே பாதையில் தொடர்ந்தது. ஸ்கைரிமின் பனிமலைகளை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனால் அங்கே ஒரு குகையைத் தேடிப் போகும்போது என் கண் மலையில் இருப்பதைவிட அந்தக் குறியின்மேல்தான் அதிகம் இருக்கிறது.

பிடிக்கவில்லை என்றால் அம்புக்குறியை அணைத்துவிட்டு ஆடலாமே?

சில விளையாட்டுகளில் முடியும், பலவற்றில் வீண். ஆப்லிவியனில் அதைக் கவனிக்காமல் இருக்க முயன்றால் நட்டாற்றில் நிற்போம், ஏனென்றால் யாரும் நமக்கு வழி சொல்லியிருக்கவே மாட்டார்கள். 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி' 2018-இல் இதை ஒழுங்காகச் செய்தது. குறி இல்லாமல் ஆடும் முறையைத் தேர்ந்தெடுத்தால், தேடும் ஆள் எந்த வட்டாரத்தில், எதற்குக் கிழக்கே இருக்கிறார் என்ற தகவல்களை உரையாடலில் தருகிறது. 2020-இன் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' வேறு வழி பிடித்தது: காற்று வீசும் திசையே வழி. புல் சாய்கிறது, இலைகள் பறக்கின்றன, கண் நிலத்திலேயே இருக்கிறது.

வரைபடத்தைத் தொட்டால் போய்ச் சேரும் வசதி இருந்தால் என்ன கெட்டுப்போகிறது?

தொலைவு. 2011-இன் 'டார்க் சோல்ஸ்' பாதி விளையாட்டுவரை அந்த வசதியைத் தராது. எல்லா இடங்களும் படிக்கட்டுகளாலும் லிஃப்டுகளாலும் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும். பல மணி நேரம் நச்சுச் சேற்றிலும் இருட்டிலும் உழன்றுவிட்டு ஒரு லிஃப்டில் ஏறினால், தொடக்கத்தில் இளைப்பாற உட்கார்ந்திருந்த அதே நெருப்பின் அருகே வந்து நிற்போம். அந்த நிம்மதியை ஆடியவர்கள் மறக்க மாட்டார்கள்.

2014-இல் வந்த இரண்டாம் பாகம் ஆரம்பத்திலிருந்தே நெருப்புக்கு நெருப்பு தாவ விட்டது. நடந்து திரும்ப வேண்டிய தேவை போனதும் இடங்களைப் பொருத்தி அமைக்கும் கவனமும் தளர்ந்தது. இதற்குப் பெயர்போன சான்று ஒன்று உண்டு. ஒரு காற்றாலையின் உச்சியில் லிஃப்ட் ஏறுகிறோம். மேலே போய்க் கதவு திறந்தால் எரிமலைக் குழம்பின் நடுவே ஒரு பெரிய இரும்புக் கோட்டை. வெளியிலிருந்து பார்த்தபோது காற்றாலைக்கு மேலே ஆகாயம் மட்டும்தான் இருந்தது. அந்த இடத்தில் பலருக்கும் நம்பிக்கை உடைந்தது. நெருப்பை உமிழும் அரக்கர்களையெல்லாம் நம்பியவர்கள், ஒரு லிஃப்டை நம்ப மறுத்தார்கள். அது சரியான மறுப்புதான். உலகம் தனக்குத் தானே வகுத்த விதிகளை மீறும்போதுதான் நாம் விழித்துக்கொள்கிறோம்.

திரையில் உயிர், தோட்டா எண்ணிக்கை எல்லாம் தெரிவது தடையா?

எங்கே தெரிகிறது என்பதைப் பொறுத்தது. 2008-இன் 'டெட் ஸ்பேஸ்' நாயகனின் உயிர் அளவை அவன் உடையின் முதுகெலும்பில் ஒளிரும் கோடாகவும், தோட்டா எண்ணிக்கையைத் துப்பாக்கியின்மேல் மிதக்கும் எண்ணாகவும் காட்டியது. கையிருப்பைப் பார்க்கும்போதும் விளையாட்டு நிற்காது. பின்னால் எது வந்தாலும் வரும். இரண்டாம் பாகம் இதை அப்படியே காப்பாற்றியது. 2013-இன் மூன்றாம் பாகத்தில் ஆயுதம் செய்யும் மேசை ஒன்று வந்தது. மூலப்பொருள் குறைந்தால் நிஜப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றது அந்த மேசை. பனிக்கோளில் தனியாக உயிருக்குப் போராடும் ஒருவனுக்கு அந்த இடத்தில் என் வங்கி அட்டையின் நினைவு எதற்கு?

'ஃபார் கிரை 2' இதே கேள்விக்கு முரட்டுத்தனமான பதில் சொன்ன விளையாட்டு. 2008-இல் வந்தது, பெயரிடப்படாத ஓர் ஆப்பிரிக்க நாட்டில் நடக்கிறது. வரைபடம் வேண்டுமென்றால் நாயகன் காகித வரைபடத்தைக் கையில் எடுத்துப் பிரிக்கிறான். வண்டி ஓட்டிக்கொண்டே குனிந்து பார்க்க வேண்டும், அதற்குள் மரத்தில் மோதினாலும் மோதலாம். மலேரியாக் காய்ச்சல் வந்து கண் மங்கும். பழைய துப்பாக்கி சண்டைக்கு நடுவே சிக்கிக்கொள்ளும், அதைத் தட்டித் தட்டிச் சரிசெய்ய வேண்டும். 2012-இன் மூன்றாம் பாகத்தில் இவையெல்லாம் போயின. கோபுரம் ஏறினால் வட்டாரம் முழுவதும் வரைபடத்தில் விரியும், அடுத்த பணி என்ன என்று திரையின் ஓரம் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். ஆட இதமான விளையாட்டு, வில்லன் பாத்திரம் பிரமாதம். ஆனால் அந்தக் காட்டில் நான் தொலைந்துபோனதே இல்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் பாகத்தில் ஒரு சோதனைச் சாவடியைச் சுத்தமாக அழித்துவிட்டுக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால், அங்கே புதிய காவலர்கள் முளைத்து நிற்பார்கள். கை நடுங்க வரைபடம் பிரித்த அத்தனை உணர்வையும் அந்த ஒன்று கெடுத்துவிடும்.

அடுத்த பாகத்தில் இந்த உணர்வு கூடிய உதாரணமே இல்லையா?

நிறைய உண்டு. எனக்கு மிகப் பிடித்தது 'மெட்ரோ' வரிசை. அணு ஆயுதப் போருக்குப் பிந்தைய மாஸ்கோவில், மேலே வந்தால் வாயுக்கவசம் அணிய வேண்டும். 2010-இன் முதல் பாகத்திலேயே வடிகட்டியின் ஆயுளைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொள்வோம். 2013-இன் 'லாஸ்ட் லைட்'டில் கவசக் கண்ணாடியில் படியும் மழைத்துளி, சேறு, ரத்தம் இவற்றைக் கையால் துடைக்க ஒரு பொத்தான் கொடுத்தார்கள். அதனால் விளையாட்டில் எந்த நன்மையும் கூடவில்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டும், துடைக்கிறோம், அவ்வளவுதான். 2019-இன் 'எக்ஸோடஸ்'ஸில் கண்ணாடி விரிசல் விட்டால் ஒட்டுப்போடலாம். மூன்று பாகங்களிலும் தொல்லை குறையவில்லை. தொல்லைக்குப் பதில் சொல்லும் வழிகள்தான் நம் கைக்கு வந்துகொண்டே இருந்தன.

இன்னொன்று 2004-இன் 'ஹாஃப்-லைஃப் 2'. தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் ஒரு காவலன் காலி டப்பாவைத் தட்டிவிட்டு, அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடு என்கிறான். போட்டுவிட்டு வழி வாங்கிக்கொண்டு போகலாம். டப்பாவை அவன்மேலேயே எறியலாம், அடிக்கத் துரத்துவான். அந்த நகரத்தில் யார் ஆள்கிறார்கள், பொருட்களை எப்படித் தூக்குவது, எறிவது, இரண்டையும் ஒரே டப்பாவில் சொல்லிவிட்டார்கள். பாடம் நடத்தும் பலகை ஏதும் திரையில் வந்து வழியை அடைக்கவில்லை. முதல் பாகத்தைப் போலவே கேமரா நம் கண்ணைவிட்டு விலகுவதும் இல்லை.

ஒலிக்கு எவ்வளவு இடம்?

படத்துக்குச் சமமான இடம், சில நேரம் அதைவிட அதிகம். 1998-இன் 'தீஃப்' விளையாட்டில் நாம் திருடன். கம்பளத்தில் நடந்தால் காலடி கேட்காது, ஓடு பதித்த தரையில் கேட்கும், இரும்புத் தளத்தில் ஊரே விழிக்கும். காவலன் எந்த அறையில் இருக்கிறான், கதவு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதாலேயே அறியலாம். 2000-இன் இரண்டாம் பாகம் இந்த முறையைக் காப்பாற்றிக்கொண்டு, பெரிய மாளிகைகளையும் இயந்திரக் காவலர்களையும் சேர்த்தது. இயந்திரத்தின் புகைச்சத்தம் தூரத்தில் கேட்டாலே வயிறு கலங்கும். 2004-இன் மூன்றாம் பாகம் அன்றைய எக்ஸ்பாக்ஸின் சிறிய நினைவகத்துக்காக ஒவ்வொரு மாளிகையையும் துண்டு போட்டது. நீலப் புகைபோன்ற எல்லையைத் தாண்டினால் திரை மாறி, ஏற்றும் வரை காத்திருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்து போகும் விளையாட்டில் அந்தக் காத்திருப்பு மிகப் பெரிய இழப்பு.

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' மெதுவாகப் போகிறதே, அது குறையா நிறையா?

நிறை என்பேன், ஒரு நிபந்தனையோடு. 2018-இல் வந்த இந்த விளையாட்டில் நாயகன் ஆர்தர் மார்கன் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பொருளாகக் கையால் எடுக்கிறான். வேட்டையாடிய மானின் தோலைச் சுருட்டித் தோளில் சுமந்து குதிரைமேல் போடுகிறான். துப்பாக்கியைத் துடைக்காவிட்டால் அதன் திறன் குறைகிறது. தாடி வளர்கிறது. குதிரையோடு பழகப் பழகத்தான் அது நம் பேச்சைக் கேட்கிறது. அவசரமாக ஆடுபவருக்கு எரிச்சல் வரும், உண்மை. ஆனால் அந்த வேகத்துக்கு நம் மூச்சு பழகிவிட்டால், மழையில் முகாமுக்குத் திரும்பும் பயணமே ஒரு நாளின் நிறைவாகிவிடுகிறது.

நிபந்தனை இதுதான். வெளியே அவ்வளவு சுதந்திரம் தரும் விளையாட்டு, கதைப் பணிகளுக்குள் நுழைந்ததும் கயிற்றை இறுக்குகிறது. சொன்ன பாதையை விட்டுச் சற்று விலகினால் பணி தோற்றதாக அறிவிக்கிறது. உலகம் ஒரு விதி, கதை ஒரு விதி என்று இரண்டாகப் பிரியும் அந்த நொடிகளில் ஆர்தரும் நானும் தனித்தனி ஆளாகிவிடுகிறோம்.

அதே ஊரைத் திரும்பக் காட்டினால் சலிக்காதா?

சும்மா திரும்பக் காட்டினால் சலிக்கும். 2011-இன் 'டிராகன் ஏஜ் 2' ஒரே குகை வடிவத்தைக் கதவுகளை மட்டும் அடைத்து வேறு வேறு குகைகள் என்று காட்டியது. பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆனால் ஜப்பானின் 'யகூசா' வரிசை 2005 முதல் கமுரோச்சோ என்ற ஒரே கேளிக்கை வட்டாரத்தைப் பாகம் பாகமாகக் காட்டிவருகிறது. டோக்கியோவின் கபுகிச்சோதான் அதற்கு மாதிரி. ஆண்டுகள் நகர, கடைகள் மாறுகின்றன, கட்டடங்கள் மாறுகின்றன, தெருமுனைகள் அப்படியே இருக்கின்றன. சில பாகங்கள் ஆடிய பிறகு வரைபடம் தேவைப்படாது. அந்தப் பழக்கத்தைப் புதிய ஊர் எதுவும் முதல் நாளே தர முடியாது.

'செல்டா' வரிசையில் 2023-இல் வந்த 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்', 2017-இன் பாகம் காட்டிய அதே ஹைரூல் என்ற கற்பனை நிலத்தை எடுத்துக்கொண்டு, மேலே வானத்தீவுகளையும் கீழே இருண்ட பாதாளத்தையும் சேர்த்தது. தெரிந்த நிலம் நடுவில் இருப்பதால்தான் அந்த இரண்டும் அவ்வளவு விசித்திரமாகத் தெரிகின்றன.

முதல் பாகத்தில் நாம் எடுத்த முடிவுகளைத் தொடர விட்டால்?

அதற்கு இணை இல்லை. 'மாஸ் எஃபெக்ட்' மூன்று பாகங்களும் (2007, 2010, 2012) நம் சேமிப்புக் கோப்பை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோக விட்டன. முதல் பாகத்தில் ரெக்ஸ் என்ற தோழனோடு துப்பாக்கி முனையில் ஒரு வாக்குவாதம் வரும். அவன் உயிரோடிருப்பதும் சாவதும் நம் கையில். உயிரோடு விட்டிருந்தால் இரண்டாம் பாகத்தில் நம்மைப் பார்த்ததும் உரக்க வரவேற்பான். அந்த வரவேற்பு நமக்கே சொந்தமானது.

நாயகன் பேச ஆரம்பித்தால் அல்லது முகம் மாறினால்?

பேச்சு பெரிய தடையாகாது. டெட் ஸ்பேஸின் ஐசக் முதல் பாகத்தில் வாய் திறக்க மாட்டான், இரண்டாம் பாகத்தில் பேசுவான்; மனம் நொந்த மனிதனாக அவனை அறிய அது உதவியது. குணம் மாறினால்தான் சிரமம். 2003-இன் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' முழுவதும் இளவரசனே சொல்லும் கதை. நாம் தவறி விழுந்து இறந்தால், இல்லை, அப்படி நடக்கவில்லை என்று திருத்திக்கொண்டு தொடர்வான். மறு ஆண்டே வந்த அடுத்த பாகத்தில் அந்த மென்மையான குரலுக்குப் பதில் கோபமும் இரைச்சலான இசையும் வந்தன. சண்டை தேறியது, ஆனால் எனக்குப் பழகிய அந்த இளைஞனைக் காணவில்லை.

எதிரிகளும் மற்ற மனிதர்களும் எப்படி இருக்க வேண்டும்?

நாம் இல்லாதபோதும் அவர்களுக்கு ஒரு வாழ்க்கை இருப்பதாகத் தெரிய வேண்டும். 2007-இன் 'ஸ்டாக்கர்' விளையாட்டில் செர்னோபில் பகுதியில் திரியும் மனிதர்களும் மிருகங்களும் நம் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். 2024 நவம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் தொடக்க நாட்களில் அந்த அமைப்பு சரியாக இயங்கவில்லை. வெற்று நிலத்தில் திடீரென முதுகுக்குப் பின்னால் ஆட்கள் தோன்றினார்கள். போர் நடக்கும் உக்ரைனின் நிறுவனம் அது. குறையை ஒப்புக்கொண்டு, அடுத்தடுத்த திருத்தங்களில் தொடர்ந்து சரிசெய்தது.

2020-இன் 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் எதிரிக்கும் பெயர் உண்டு. தோழனின் உடலைக் கண்டதும் அவன் பெயரைச் சொல்லிக் கதறுகிறார்கள். நாய்க்கும் பெயர். அதன் பிறகு அம்பு விடக் கை தயங்குகிறது.

இந்தியாவைக் காட்டும் விளையாட்டுகளில் நம்மவர்களுக்கு ஏன் சீக்கிரம் மனம் விலகுகிறது?

நமக்குத் தெரிந்தது அதில் பிசகும்போது உடனே கண்ணில் படுவதால். 2018-இன் 'ஹிட்மேன் 2' மும்பையை ஒரு கட்டமாக வைத்தது. கூட்டம், குறுகிய சந்து, துவைக்கும் இடம் எல்லாம் உழைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சந்தில் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், நமக்கு அங்கேயே கயிறு அறுந்துவிடுகிறது.

2017-இல் 'அன்சார்ட்டட்' வரிசையில் கிளைக்கதையாக வந்த 'த லாஸ்ட் லெகசி' மேற்குத் தொடர்ச்சி மலையில், ஹொய்சாளர் காலத்து இடிபாடுகளில் நடக்கிறது. தேடும் பொருள் பிள்ளையாரின் தந்தம். மகாபாரதம் எழுத ஒடித்த கொம்பு என்று கேட்டு வளர்ந்த நமக்கு, பரசுராமரின் கோடரி பட்டு உடைந்த கதையை அது சொல்கிறது. இதுவும் நம் புராணத்தில் உள்ளதுதான். நாயகி கிளோயி அந்தக் கதையைத் தன் தோழியிடம் சொல்லும் இடத்தில் நான் முழுதாக உள்ளே இருந்தேன். திறந்த மலைவெளிப் பகுதியில் அவள் காகித வரைபடத்தைக் கையில் பிரித்துக் குறித்துக்கொள்வதும் நன்றாக இருக்கிறது.

விளையாட்டு தமிழில் இல்லாததும் ஒரு தடையா?

நிச்சயமாக. துணையுரையை வாசிக்கும் நேரம் முழுவதும் கண் காட்சியை விட்டுக் கீழே போகிறது. 2023-இல் டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' எவ்வளவு வித்தியாசம் செய்தது என்று ஆடியவர்களுக்குத் தெரியும். கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பேடு. அழிந்துபோன வரிகளை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். வீட்டில் இட்லி ஊற்றிப் பழகிய கை யோசிக்காமல் சரியாக அடுக்கிவிடும். அது எதன் தொடர்ச்சியும் இல்லை. ஆனால் கவனம் கேட்டு, பதில் சொல்லும் விளையாட்டு என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு சான்று.

சென்னை வெயிலில் கணினி தடுமாறுகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நொடிக்கு 30 காட்சிகள் (frames) என்றால் ஒவ்வொன்றும் சுமார் 33 மில்லிநொடி நிற்கும். 60 என்றால் சுமார் 17. எண் குறைவாக இருந்தாலும் சீராக இருந்தால் கண் பழகிக்கொள்ளும். ஒன்று 17, அடுத்தது 50 என்று துள்ளினால் பழகவே பழகாது. புதிய பாகங்கள் கணினியைப் பிழிகின்றன. கத்திரி வெயிலில் மடிக்கணினி சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ளச் செயலியின் வேகத்தைக் குறைக்கிறது, அங்கேதான் துள்ளல் தொடங்குகிறது. கணினி தாங்கும் அளவுக்குக் காட்சி எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வையுங்கள். நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் 40 காட்சிகள் நல்ல இடைவழி. ஒவ்வொரு காட்சிக்கும் சரியாக 25 மில்லிநொடி. மடிக்கணினியின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள், விசிறியில் படிந்த தூசியை எடுத்துவிடுங்கள். மின்விசிறிச் சத்தத்தோடு போட்டியிட வேண்டியிருப்பதால், திரையைவிட முதலில் ஹெட்போனுக்குச் செலவழியுங்கள். ரிச்சி தெருவில் காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்து, காதை முழுதாக மூடும் வகையாக வாங்குவது நல்லது.

தலை சுற்றினால் அமைப்புகளில் பார்வைக் கோணத்தை (FOV) 90 பாகைக்கு அருகில் வையுங்கள். அசைவு மங்கலையும் (motion blur) நடக்கும்போது தலை ஆடுவதையும் அணைத்துவிடுங்கள்.

அம்புக்குறி இல்லாமல் ஆட முடியாதவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், அவர்களுக்கு அது இருந்தே ஆக வேண்டும். பார்வை, செவி, கை அசைவு இவற்றில் சிரமம் உள்ளவர்களுக்காக த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் 60-க்கும் மேற்பட்ட அமைப்புகளைத் தந்தது. தடை இருக்கும் ஒருவரை உள்ளே அழைத்து வரும் உதவிக்கும், எல்லார் கண்ணையும் உலகத்திலிருந்து இழுத்துவிடும் குறிக்கும் வேறுபாடு இருக்கிறது. தேர்வை ஆடுபவரிடமே விட்டால் இரண்டு பேருக்கும் இடமிருக்கும்.

முதல் பாகம் ஆடாமல் நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகலாமா?

மாஸ் எஃபெக்ட்டுக்குக் கூடாது. ரெக்ஸ் உங்களுக்கு அந்நியனாக நிற்பான். மெட்ரோவையும் வரிசையாக ஆடுவதே நல்லது. தீஃப் இரண்டாம் பாகத்தைத் தனியாகவே தொடங்கலாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 காலவரிசையில் முதல் பாகத்துக்கு முந்தைய கதை என்பதால் அங்கிருந்து தொடங்குவதில் தவறே இல்லை. யகூசாவுக்கு 1988-இல் நடக்கும் 'யகூசா 0'-இலிருந்து தொடங்குங்கள். 2015-இல் ஜப்பானில் வெளிவந்தது என்றாலும் கதையில் அதுதான் முதலில் வருகிறது. அதில் ஊர் நடுவே உள்ள ஒரு காலிமனைக்காக எல்லாரும் அடித்துக்கொள்வார்கள். அந்த மனை எங்கே இருக்கிறது என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு அடுத்த பாகத்துக்குப் போங்கள்.